மூளை ஸ்கேனும் பாபுவின் பேண்ட்டும்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாவதோடு நின்றவன் மூளையைப் பற்றி எழுதினால் எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் எவன் மதிப்பான்? (எழுதாவிட்டாலும் மதிப்பதில்லை, அது வேறு விஷயம்.)

அக்கா மகள் தர்ஷினிக்கு அப்போது ஏழு வயது. நன்றாக இருக்கும் பிள்ளைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று வருடா வருடம் ஸ்கேனில் அளக்கும் ஓர் ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்திருந்தார்கள்.

"நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்குங்க ஸ்கேனு?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"வீட்ல செவுத்துல கோடு போட்டு புள்ளை உயரம் பாப்பீங்க இல்ல? அதுமாதிரிதான். சரியான வளர்ச்சி எவ்ளோன்னு அளவு தெரிஞ்சாதான், கோளாறு இருக்கற புள்ளைய சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்."

தர்ஷினிக்கு அளவெல்லாம் வேண்டாம். முடிந்ததும் அவள் மூளையின் படம் ஒன்று தருவார்களாம். வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். மயக்க மருந்து கிடையாது. அசைந்தால் படம் கலங்கிவிடும். ஒரு வாரம் அவளைக் கட்டிலுக்கடியில் படுக்கவைத்து, மிஷின் சத்தத்துக்குப் பழகட்டும் என்று தகரத்தைத் தட்டிப் பயிற்சி கொடுத்தேன்.

அக்கா மாசமாக இருந்ததால் மிஷின் அறைக்குள் துணைக்கு நான். டீசென்டாக இருக்கட்டுமே என்று நண்பன் பாபுவின் பேண்ட்டை வாங்கி மாட்டியிருந்தேன். (பாபு இடுப்பில் என்னைப்போல் இரண்டு பேர் குடித்தனம் பண்ணலாம்.)

"இரும்பு எதுவும் உள்ள போகக்கூடாது" என்றார் டெக்னீஷியன். பெல்ட்டைக் கழற்றினேன். கையிலிருந்த கருவியை என்மேல் ஓட்டினார். இடுப்பில் கத்தியது. அரைஞாண் கயிற்றில் பீரோ சாவி. அதே கயிற்றோடு பேண்ட்டைச் சேர்த்து ஓர் ஊக்கு.

"அர்ணாகயிற அவுக்கக் கூடாதுங்க."

"கயிறு இருக்கட்டும். சாவியும் ஊக்கும் எடுங்க."

"ஊக்க எடுத்தா மானம் போயிடுங்க."

"மானம் உள்ள போலாங்க. ஊக்குதான் போகக்கூடாது."

ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி உள்ளே நின்றேன். மிஷின் 'டடடட' என்று பம்பை மேளம் அடித்தது. தர்ஷினி கல் மாதிரி கிடந்தாள். அவள் முகத்துக்கு மேலே ஒரு கண்ணாடி. அதில் நான் தெரிவேன். சும்மா இருந்திருக்கலாம். நம்மால் முடியுமா? தாளம் கேட்டதும் இரண்டு கையையும் தூக்கி ஓர் ஆட்டம் போட்டேன்.

பேண்ட் கணுக்காலுக்குப் போய்விட்டது.

தர்ஷினி தலைமுதல் கால்வரை குலுங்கினாள். ஸ்பீக்கர் அலறியது: "பாப்பா, அசையாத! சார், பேண்ட்ட தூக்குங்க!" சன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

படமெல்லாம் கலங்கல். சிரிப்பு நின்றதும் பிள்ளை விசும்பினாள். "எம் படம் போச்சு மாமா."

டாக்டரம்மா மணி பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு தடவதான்."

"மாமா வேணாம். நானே இருந்துக்கறேன்" என்றாள்.

வெளியே பேண்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் கடைசிவரை அசையவில்லை.

அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருடா வருடம் ஸ்கேனுக்குக் கூப்பிடும்போது, "துணைக்கு யாருங்க?" என்று கேட்பார்கள். "அவ மாமனத் தவிர யாரு வேணா" என்பாள் அக்கா. கல்யாண வீட்டில் மேளம் அடித்தால் போதும், "மாமா, கையத் தூக்காத!" என்று தர்ஷினி கத்துவாள்.

இதை எழுதி பாபுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது:

"மூளைய விடு மச்சி, எம் பேண்ட்டு எங்க?"