சேனாதிபதியின் சாயங்கால நடை

எழுபதை எட்டப் போகும் கணவர் ஸ்வெட்டர் மேல் சென்ட் அடித்துக்கொள்வதை லீலா கதவோரமாக நின்று பார்த்துவிட்டாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"சும்மா, ஒரு நடை."

"நாயுடுபுரத்துக்குக் குடி வந்து இத்தனை வருசத்துல இல்லாத நடை இப்ப என்ன புதுசா?"

"நீதான் நடக்க மாட்டேங்கிறியே. ஒனக்கும் சேத்து நான் நடக்குறேன்னு வச்சுக்க."

நடக்க மாட்டேன் என்றது உண்மைதான். போன மாதம் டாக்டர் லீலாவுக்குக் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்துவிட்டு, காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார்.

"மாத்திரைய விட்டுறாதீங்க. தெனமும் நடங்க. கெண்டைக்கால் வலிச்சா நில்லுங்க, வலி விட்டதும் மறுபடி நடங்க. உக்காந்தே இருந்தா காலுக்கே ஆபத்தும்மா."

பால்காரரையே நம்பாத லீலா டாக்டரையா நம்புவாள்? "வலிக்கிற காலோட நடன்னு எந்த ஊர்லயாவது சொல்வாங்களா? இதுல என்னமோ இருக்கு" என்று வீட்டோடு இருந்துவிட்டாள். கடைகளுக்கு சாக்லேட் செய்து கொடுப்பவள்; அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடப்பது போதாதா? சேனாதிபதி கெஞ்சினார், கோபித்தார், கடைசியில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

அந்த மனிதர்தான் இப்போது சென்ட் மணக்கப் போகிறார். கையில் அவள் செய்த முந்திரி சாக்லேட் பெட்டி வேறு!

லீலா சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

பேக்கரித் திருப்பத்தில் கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிவது போலிருந்தது. ஆளைத் தவறவிடப் போகிறோமே என்று பதறினாள். நல்லவேளை, அவரும் நின்றுவிட்டார். பேக்கரிக்காரம்மாவிடம் அப்படி ஒரு சிரிப்பு! ஓரமாகக் கிடந்த சிவப்பு முக்காலியில் உட்கார்ந்து லீலா முறைத்தாள்.

மறுநாள் பேக்கரிக்குப் போன் போட்டாள். "எங்க வீட்டுக்காரரு வந்தா பேச்சுக் குடுக்காதீங்க, சொல்லிட்டேன்."

பலன், அன்று சேனாதிபதி பேக்கரி எதிரே நின்று ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிவிட்டு, அதையும் தாண்டி சர்ச் மேட்டுக்கே போய்விட்டார். அங்கே பூக்காரியிடம் பேச்சு.

லீலா ஷூவை ஒளித்து வைத்தாள். அவர் செருப்போடு இன்னும் தூரம் போனார். சாக்லேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவர் கடையில் வேறு பெட்டி வாங்கிக்கொண்டார். அவள் எதைத் தடுத்தாலும் நடை நீண்டதே தவிரக் குறையவில்லை.

இப்படியே அவர் முன்னாலும் அவள் பின்னாலுமாக வாரங்கள் ஓடின. பேக்கரியில் இப்போதெல்லாம் அவர் நிற்பதில்லை. அவளுக்கும் நிற்கத் தோன்றவில்லை. கண் முழுக்க அவர் முதுகின் மேலேயே இருந்தது.

கடைசியில் ஒருநாள் ஏரிக்கரையில் கையும் களவுமாகப் பிடித்தாள். பட்டர் ஃப்ரூட் விற்கும் அன்னக்கொடியிடம் சாக்லேட் பெட்டியை நீட்டி, காதோரம் ஏதோ சொல்லிவிட்டு, அவர் டீக்கடைப் பக்கம் நழுவினார்.

லீலாவுக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவர், நோயாளி என்றதும் கை கழுவிவிட்டாரே! கால் வலியெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. விறுவிறுவென்று போய் அன்னக்கொடி முன்னால் நின்றாள்.

"ஏம்மா, இப்ப போறாரே, அவரு யாருன்னு தெரியுமா?"

"தெரியுங்க்கா. ஒங்க வீட்டுக்காரரு. மொதல்ல இப்பிடி உக்காருங்க."

அங்கேயும் ஒரு சிவப்பு முக்காலி கிடந்தது.

"நான் ஒண்ணும் உக்கார வரல! தெனமும் அவருக்கு ஒங்கிட்ட என்ன பேச்சு? சாக்லேட் எதுக்கு?"

அன்னக்கொடி முக்காலியைத் துண்டால் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இதைக் கடையோரமாப் போட்டு வைக்கத்தாங்க்கா சாக்லேட்டு, டாக்டரு சொன்னா ஒரு எட்டு வைக்க மாட்டீகளாம், சந்தேகம் வந்துட்டா பழனி வரைக்கும் நடந்துருவீகளாம்!"