மூன்று குச்சியில் மூண்ட புகைப்போர்

அவையில் அமர்ந்தோரை முதலில் முறைப்படி சொல்லிவிடுகிறேன். பேகம்பூர்ப் புகையிலைக் கடையின் கல்லாவுக்குப் பின்னே, தராசே செங்கோலாக வீற்றிருந்தவர் கடைக்காரர் ஃபயாஸ். வாசலோர முக்காலியில், சின்ன வெங்காயம் ததும்பும் கட்டைப்பையை மடியில் தாங்கியிருந்தவர் இசைவாணி. நடுவே, மர பெஞ்சே தேர்த்தட்டாக, அவர்தம் கணவர். நாற்பதாண்டு புகையிலைக் கிட்டங்கியை ஆண்ட மேஸ்திரி. இலையை மோந்தே விளைந்த ஊரைச் சொல்லும் நாசித்திறலோன். ஆனந்த்ராஜ் என்னும் ஆண்டகை வாழி! அவர் கைக்கொண்ட கருமரப் புகைக்குழாயும் வாழி!

அக்குழாய் சும்மா வந்ததன்று. நிலக்கோட்டைப் பூ வணிகரும் ஆனந்த்ராஜின் சம்பந்தியுமான சேவியர், ஓர் அறைகூவற் கடிதத்தோடு அனுப்பியது:

“மேஸ்திரின்னு பீத்துனது போதும் சம்பந்தி. மூணே குச்சி. அதுக்குள்ள பத்தவச்சு, சாம்பலாகுற வரைக்கும் அணையாம இழுத்தா குழாய் உங்களுக்கு. இல்லைன்னா திருப்பி அனுப்பிருங்க. ஃபயாஸ் சாட்சிக் கையெழுத்துப் போடணும்.”

குழாய்த்தூள் டப்பாவைத் திறந்து ஃபயாஸ் போர்நெறி உரைத்தார். “பொலபொலன்னு போடுங்க, அமுக்காதீங்க. முக்கியமா மெதுவா இழுங்க மேஸ்திரி, நாக்கு வெந்துரும்.”

“புகையிலையிலயே பொறந்து வளந்தவனுக்கா அப்பு பாடம்?” என்று முழங்கினார் வீரர்.

முழங்கியவரின் வலக்கையோ, இலை நொறுங்காதிருக்க நீர் தெளித்தே தொடும் நாற்பதாண்டுப் பழக்கத்தால், தன் உரிமையாளனைக் கேளாமலே பக்கத்துத் தண்ணீர்த் தம்ளரில் நனைந்து, தூளின்மேல் மாரியெனப் பொழிந்தது. முதற்குச்சி, வெள்ளத்தில் எறிந்த தீப்பந்தமாய் மாண்டது.

“அட, எதுக்கு தண்ணி தெளிக்கிறீங்க! இது என்ன கிட்டங்கியா?” என்று பதறினார் ஃபயாஸ்.

புதுத்தூள் வந்தது. மூடையை மிதித்துக் கட்டும் முறைப்படி, மேஸ்திரியின் கட்டைவிரல் அதைக் கோட்டைச் சுவரென இறுக்கியது. காற்றும் புகவொண்ணாத அக்கோட்டையைக் கன்னங்கள் இரண்டும் உள்ளே முட்டிக்கொள்ள அவர் உறிஞ்ச, இரண்டாங்குச்சியும் வீரமரணம் எய்தியது.

“ஏங்க, கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு. குழாயும் வேணாம், ஒண்ணும் வேணாம். வாங்க போவோம்” என்றார் இசைவாணி.

போவாரா? தோற்றால் பேரன் பேத்தியின் கல்யாணப் பந்தி வரைக்கும் சேவியர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே! விசிறி நிறுத்தப்பட்டது. ஈயும் இறகடக்கியது. தூள் பொலபொலவென விழ, மூன்றாங்குச்சி உரசப்பட, பற்றியது, பற்றியது, பற்றியேவிட்டது! அணைந்துவிடுமோ என்னும் அச்சத்தால் ஆனந்த்ராஜ், “மெதுவா, மெதுவா!” என்ற ஃபயாஸின் ஓலம் செவியேறாமல், செங்கற்சூளைகள் நாணித் தலைகவிழ, மேகங்கள் தம் குலத்தவர் என்று மயங்கி இறங்க, மூச்சுக்கு மூன்றாய் இழுத்து, கடைசித் துகளும் சாம்பலாகக் கண்டு, கண்ணீர் வழிய எழுந்து நின்றார். வெற்றி! வெற்றி!

அவ்விடத்திலேயே வெற்றியோலை எழுதப்பட்டது: ‘அன்புள்ள சம்பந்திக்கு, குழாய் இனி எனது. புகை நாவில் தேனாய் இனித்தது.’ ஃபயாஸ் கையெழுத்திட்டார். உறையின் பசையோரத்தை நாவால் நனைக்க வாய் திறந்த வெற்றிவேந்தர், “ஸ்ஸ்ஸ்!” என்று அலறி மூடிக்கொண்டார்.

நாக்கு வெந்துபோயிருந்ததால், இசைவாணி கடைத் தம்ளரில் விரலை நனைத்து உறையை ஒட்டி, போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டார்.