நெல்லின் மேல் வைத்த கால்

கூடைப்பந்துக்குச் சட்டம் எழுதியவர்கள் உலகில் எத்தனையோ பேர் இருக்கலாம். அந்தச் சட்டத்துக்குப் 'பொருள்' கண்டவர் ஒருவர்தான். அவர் கிருமாம்பாக்கத்துக்கு மேற்கே, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில், நீல நிற ட்ராக் பேன்ட்டில் வாழ்ந்துவருகிறார். பெயர் ஆதிமூலம். நிலம் அவருடையது, நெல் காயப்போடும் சிமென்ட் களம் அவருடையது, மோட்டார் கொட்டகைச் சுவரில் பற்றவைத்த இரும்பு வளையம் அவருடையது, பந்தும் அவருடையது. சட்டம் மட்டும் யாரோ வெளியூர்க்காரருடையதாக இருப்பது முறையா?

தேவநாதனும் அப்படித்தான் நினைத்தார். நினைக்க வேண்டியிருந்தது. அவர் வீட்டுக்குப் போகும் ஒரே வழி ஆதிமூலத்தின் வரப்பு.

தேவநாதன் கடலூர் ரோட்டில் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தீபாவளிக் கூட்டத்திலும் பின்படியில் நின்றபடியே, 'எண்பத்தி மூணு பேரு, ரெண்டு பேரு டிக்கெட் எடுக்கல' என்று சொல்லி அந்த இருவரையும் விரல் நீட்டிக் காட்டுவார். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கியதால் மாலை ஆட்டங்களுக்கு அவரே நடுவர். வேறு தகுதித் தேர்வு எதுவும் நடக்கவில்லை.

விதி சின்னது. பந்தைக் கையில் எடுத்தபின் தரையில் தட்டாமல் இரண்டடிக்கு மேல் வைத்தால் 'டிராவல்'. பந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். நின்ற இடத்தில் பிடித்தால் ஒரு காலை ஊன்றி வைத்து, மற்றொரு காலைத்தான் நகர்த்தலாம். மற்றவர்களுக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கியது. ஆதிமூலத்துக்குப் பதினோரு வருடமாக 'ஆய்வு' நடக்கிறது.

ஷூ கயிறு அவிழ்ந்த கால் 'தற்காலிக விடுப்பில்' இருப்பதால் அதை எண்ணக் கூடாது என்பது அவருடைய தொடக்ககால முடிவு. ஆனால் அவர் புகழை நிலைநிறுத்தியது சம்பா அறுவடையில் வந்த தீர்ப்புதான். களத்தில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஆதிமூலம் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நெல்லின் மேலேயே நடந்துபோய் வளையத்தில் போட்டார்.

"அண்ணே, டிராவல்!" என்று கத்தினான் மொபைல் கடை டேனியல்.

"இன்னாடா டிராவல்? காலு தரையில பட்டாதான அடி? என் காலு எங்க பட்டுது? நெல்லு மேல. தரைக்கும் காலுக்கும் நடுவுல நெல்லு இருக்குது பாரு."

கூலிக்கு நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த தனக்கொடி நிமிர்ந்தாள். "ஏழு காலு பதிஞ்சிருக்குது. நான்தான மறுபடி எல்லாத்தையும் நெரவணும்."

"கேட்டியா? நெல்லுல பதிஞ்சுதுன்னு அவளே சாட்சி சொல்றா. தரையில பதிஞ்சுதுன்னு சொன்னாளா?"

எல்லாரும் தேவநாதனைப் பார்த்தார்கள். தேவநாதன் வரப்பைப் பார்த்தார். இரண்டு விசில் கொடுத்தார். பஸ் வழக்கத்தில் அதற்கு 'போலாம் ரைட்' என்று பொருள்.

இந்த அரிய விளக்கம் தேவநாதனின் மகள் செல்வகுமாரிக்கு மட்டும் ஏனோ பிடிபடவில்லை. பிளஸ் டூ படிக்கிறாள். மார்க்கை நம்பாமல் வளையத்தை நம்பியிருக்கும் பெண். ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் மூவர் போட்டி. அங்கே ஒரு காலேஜ் கோச் வந்து விளையாட்டு சீட்டுக்கு ஆள் எடுக்கப் போகிறார். சனிக்கிழமை களத்தில் எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும். அவள் டேனியல் பக்கம்.

"அப்பா, இன்னிக்கு ஒழுங்கா எண்ணுவியா?" என்று காலையிலேயே கேட்டாள்.

"எண்ணாம இன்னாடி? என் பொழப்பே அதான?"

மாலையில் பத்துக்குப் பத்து. அடுத்த கூடை போடுபவர் வில்லியனூருக்கு. செல்வகுமாரி கையில் பந்து. ஆதிமூலத்தைத் தாண்ட நெல் ஓரம்தான் வழி. ஓர் அடி, இன்னோர் அடி, எம்பிப் போட்டாள். பந்து வளையத்தில் விழுந்தது. டேனியல் குதித்தான்.

"டிராவல்!" என்றார் ஆதிமூலம்.

"ரெண்டே அடி பெரிப்பா! அதுவும் நெல்லு மேல!"

"அதான்மா தப்பாயிடுச்சு. காலையில பனி. நெல்லு ஈரம். ஈர நெல்லு தரையோட ஒட்டிக்கும். அப்போ நீ வச்ச ஒவ்வொரு அடியும் நெல்லுல ஒண்ணு, தரையில ஒண்ணு. ஆக மொத்தம் நாலு."

தனக்கொடி குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். சலசலவென்று காய்ந்து கிடந்தது. "இது ஈரமா?" என்றாள். நெல்லைப் பற்றிச் சொல்ல அவளுக்கு என்ன 'அதிகாரம்' இருக்கிறது?

செல்வகுமாரி அப்பாவைப் பார்த்தாள். தேவநாதன் எண்ணியிருந்தார். இரண்டு. எண்பத்து மூன்று பேரை எண்ணுகிறவருக்கு இரண்டு தெரியாதா? விசில் வாயில் இருந்தது, வரப்பு கண்ணில் இருந்தது. ஒரே ஒரு விசில் கொடுத்தார். பஸ் நின்றுவிட்டது. பந்து ஆதிமூலம் கைக்குப் போனது; கடைசிக் கூடையும் அவருடையதானது.

மறுநாள் வில்லியனூரில் ஆதிமூலம் பந்தைத் தொட்டபோதெல்லாம் நடுவர் டிராவல் கொடுத்தார். அரை மணி நேரத்தில் தோற்றுத் திரும்பிவிட்டார். கோச் வேறு ஊர்ப் பெண்கள் இருவரை எழுதிக்கொண்டு போனாராம்.

"தரையா அது? ஒரு மணி நெல்லு இல்ல!" என்று சாயங்காலம் களத்தில் எல்லார் முன்னாலும் ஆதிமூலம் பொருமினார். "ரெஃப்ரின்னா நம்ம தேவநாதன் மாதிரி வருமா?" என்று சொல்லி அவர் கழுத்தில் ஒரு துண்டும் போட்டார். தேவநாதன் குனிந்து வாங்கிக்கொண்டார்.

வரப்பில் வீடு திரும்பும்போது மகள் முன்னால் நடந்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"ஒரு காலு அசையக் கூடாதுன்னு ரூல் இருக்குதேப்பா, அத நம்ம ஊர்ல ஒழுங்கா கடைப்பிடிச்சது நீ மட்டுந்தான். உனுக்கு ரெண்டு காலும் அசையல."

அங்கிருந்து வீடு நாற்பத்திரண்டு அடி. தேவநாதன் ஒன்றுகூட விடாமல் எண்ணினார்.