வெள்ளச்சியின் வால்முடி

பசுவைப் படைக்கும்போது கடவுள் செய்த ஒரே தப்பு, வால் நுனியில் முடி வைத்ததுதான் என்று பால் சொசைட்டி வரிசையில் வேதகிரி அறிவித்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. சாணியில் ஊறிய அந்த முடி, கறக்கும்போதெல்லாம் அவன் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பினால், பக்கத்து வீட்டுச் சேட்டு வேப்பங்கொத்தை வைத்துக்கொண்டு தன் மாட்டுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சேட்டண்ணே, மாட்டுக்கு சாமரம் வீசிக்கினு கீற? அது இன்னா மகாராணியா?"

சேட்டு கொத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டு வீசினார்.

வேதகிரியின் மனைவி ஞானசுந்தரி பத்து நாளாக மானாம்பதியில், தாய்வீட்டில் இருந்தாள். பசு வெள்ளச்சி அவள் கொண்டுவந்த சீர். வெள்ளிக்கிழமை வருவதாகவும், மாடு இளைத்திருந்தால் அதை ஓட்டிக்கொண்டு ஒரேயடியாகத் தாய்வீட்டுக்கே போய்விடுவதாகவும் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை மதியம் வேதகிரி அந்த வால்முடியை ஒட்ட வெட்டினான். அன்று மாலை கன்னம் தப்பியது.

மறுநாள் காலை ஈக்களுக்குச் செய்தி எட்டிவிட்டது. வெள்ளச்சி மொட்டை வாலை ஆட்டிப் பார்த்தது. ஓர் ஈகூட நகரவில்லை. உதைத்தது, பால் வாளி உருண்டது. வேதகிரி அதன் உடம்பெல்லாம் வேப்பெண்ணெய் பூசினான். அதை நக்கிய வெள்ளச்சி தீனியைத் தொடவில்லை. கறந்த பாலையும் வாடை அடிக்கிறதென்று சொசைட்டியில் திருப்பிவிட்டார்கள். புகைமூட்டம் போட்டான். வெள்ளச்சி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, பச்சமுத்துவின் நாற்றங்காலில் படுத்துக்கொண்டது. பச்சமுத்து பேசியதை எழுத முடியாது.

வியாழக்கிழமை வந்த கால்நடை டாக்டர், வாலைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார்.

"மாட்டுக்குக் கை இல்லப்பா. இந்த முடிதான் அதுக்குக் கை. யாரு வெட்டுனது?"

தெரியாது என்றான் வேதகிரி. வளர மாசக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வெள்ளச்சிக்கு விலா எலும்பு தெரிந்தது. மானாம்பதி பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம். வேதகிரி தெருவை இருபக்கமும் பார்த்தான். சத்தமில்லாமல் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துவந்து, மாட்டின் பின்னால் நின்று வீச ஆரம்பித்தான். நாலு நாளில் முதல்முறையாக அது தவிட்டில் வாய் வைத்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் சேட்டு வந்து நின்றார்.

"வூட்டுக்காரி வந்துக்கினு கீறாண்ணே. வாலப் பார்த்தான்னா மாட்டோட போயிடுவா" என்றான் வேதகிரி, வீசுவதை நிறுத்தாமல்.

சேட்டு குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அண்ணியோட சவுரிமுடி இன்னொண்ணு கீது, எடுத்தாறேன். என் மாட்டு வால்ல எட்டு மாசமா அதான் தொங்குது, அவளே கண்டுபுடிக்கல."