பாசி சாரும் மேற்கோள் கணக்கும்

பாசி சார் கணினித் திரையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். உலகின் முன்னணி விஞ்ஞானிகள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இல்லை.

"அதிர்ச்சியா இருக்கா?" என்றார் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். "எனக்கும்தான். நம்ம நிறுவனத்துல ஒருத்தர்கூட இல்ல. அடுத்த வருஷப் பட்டியல்ல யார் பேர் வருதோ, அவங்கதான் துறைத் தலைவர். மேலிடத்துக்கும் எழுதிட்டேன்."

எதிர் நாற்காலியில் பூஞ்சை மேடம் புன்னகைத்தார். பாசியை ஆராய்கிறவர் பாசி சார், பூஞ்சையை ஆராய்கிறவர் பூஞ்சை மேடம். மாணவர்கள் வைத்த பெயர்கள். மேடம் தலைவரானால் முதல் வேலையாகப் பாசித் தொட்டிகளை வெயில் வரும் அறையிலிருந்து தூக்கிப் படிக்கட்டுக்கு அடியில் போட்டுவிடுவார். வெயில் இல்லாவிட்டால் பாசி செத்துப்போகும். வாழ்நாள் உழைப்பே போய்விடும்.

பட்டியலில் ஏற வழி ஒன்றுதான். இவர் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்ட வேண்டும். மற்றவர்களை எதற்குக் கெஞ்சுவது? சார் தானே ஒரு கட்டுரை எழுதி, தன் பழைய கட்டுரைகள் அத்தனையையும் அதில் மேற்கோள் காட்டிவிட்டார்.

"நம்ம முதுகை நாமே தட்டிக்கிட்டா கணக்குல சேராதாம்பா," என்றாள் மகள், பட்டியலின் விதிகளைப் படித்துவிட்டு.

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேட்டீங்களா?"

வேறு வழியில்லாமல், வெளியூரில் கோழி ஆராய்ச்சி செய்யும் கல்லூரித் தோழருக்குப் போன் போட்டார்.

"டேய், உன் கட்டுரையில என்னை ஒரு இடத்துல சொல்லேன்டா."

"சொல்றேன். பதிலுக்கு நீ என் கோழிக் கட்டுரையைச் சொல்லணும்."

"பாசிக்கும் கோழிக்கும் என்னடா சம்பந்தம்?"

"கோழிக்குத் தண்ணி வைக்கிற தொட்டியில பாசி பிடிக்காதா? போதாதா?"

இந்த ஒப்பந்தம் நன்றாக இருக்கிறதே என்று, சிமெண்ட் ஆராய்கிறவரையும் இருமல் மருந்து ஆராய்கிறவரையும் சார் பிடித்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கோழி, சிமெண்ட், இருமல் மருந்து எல்லாவற்றையும் நுழைத்துச் சார் எழுதிய கட்டுரை, ஆய்விதழிலிருந்து ஒரே ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. 'இது எதைப் பற்றியது?'

போகட்டும், மேற்கோள் ஏறுகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது கோழித் தோழர் கூப்பிட்டார்.

"உங்க பூஞ்சை மேடமும் போன் பண்ணாங்கடா. கேட்கப் பாவமா இருந்துச்சு. அவங்களையும் நாலு இடத்துல சொல்லிட்டேன்."

"அடப்பாவி! எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு நாலா?"

அன்று தொடங்கியது போட்டி. சார் ஒருவருக்குப் போன் போட்டால் மேடம் இருவருக்குப் போட்டார். சாருக்குச் சோறு இறங்கவில்லை. குளிக்கும்போதுகூட போன் கையில் இருந்தது.

அடுத்த வருஷப் பட்டியல் வந்த அன்று இயக்குநர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நம்ம நிறுவனத்துலேர்ந்து ஒரே ஒரு பேர் வந்திருக்கு."

சார் காலரைச் சரிசெய்துகொண்டார், மேடம் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேர்ல யாரும் இல்ல. மைக்ராஸ்கோப் அறைச் சாவி வெச்சிருக்காரே, அவரு!"

"சாவி அண்ணனா?" சார் எழுந்தே விட்டார். "அவர் ஒரு வரிகூட எழுதினதில்லையே!"

"பேரைப் போட்டது யாரு?"

இருவரும்தான் போட்டிருந்தார்கள். கட்டுரையில் சாவி அண்ணன் பெயரைப் போடாதவர்கள் மைக்ராஸ்கோப் பார்க்க வந்து நின்றால், "மெஷின் ரிப்பேர்" என்று அவர் கதவைச் சாத்திவிடுவார். அதனால் இருவருமே எல்லாக் கட்டுரைகளிலும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கடைசியில் அவர் பெயரைச் செருகிவந்தார்கள். கடைசிப் பெயர்தான் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் பெயர் என்பது பட்டியல்காரர்களின் கணக்கு. சாருக்குக் கிடைத்தது சாரின் மேற்கோள், மேடத்துக்குக் கிடைத்தது மேடத்தின் மேற்கோள். சாவி அண்ணனுக்கு இரண்டும்.

கதவு திறந்தது. புதுத் துறைத் தலைவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். இயக்குநரே எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. சாருக்குத் தொட்டிகளின் ஞாபகம் வந்தது.

"அண்ணே, என் தொட்டி…"

"அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும் சார்," என்ற சாவி அண்ணன் இருவர் கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"ஒரு வருஷமா ஊரு உலகத்துக்கெல்லாம் போன் போட்டு, ரெண்டு பேரும் எனக்காக இப்படி உழைச்சிருக்கீங்களே… என் கூடப்பிறந்தவன்கூட இதைச் செய்யமாட்டான் சார்!"