ஒளிநீரும் மூன்று தட்டுகளும்

கண்ணொளியார் குதிரையைத் தொடவே மாட்டார். பத்தடி தள்ளி நின்றபடியே அதன் கண்ணில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பக்கத்தில் போனால் உதைக்கும் என்பதற்காக அல்ல, அவருடைய சக்தியைக் குதிரை தாங்காது என்பதால்தான் என்று அவருடைய ஆட்கள் விளக்கினார்கள். கூட்டமும் தலையாட்டியது. அங்கே தலையை வேறு எதற்கும் பயன்படுத்தும் வழக்கம் இல்லை.

ஊருக்கு வெளியே இருந்த பழைய லாரிக் கொட்டகைதான் அவருடைய இருப்பிடம். காலை ஏழு மணிக்கே வரிசை சாலை வரைக்கும் நீண்டுவிடும். வண்டிக் குதிரைகள், சவாரிப் பள்ளிக் குதிரைகள், ரெண்டு மூன்று கோவேறு கழுதைகள். எல்லாவற்றுக்கும் கண்ணில் நீர், பீளை, வீக்கம். எல்லாவற்றுக்கும் அவர் சொன்ன காரணமும் ஒன்றுதான்.

"பொறாமைப் பார்வை. பக்கத்து லாயத்துக்காரன் வயிறெரிஞ்சு பாத்திருக்கான்."

இதை அவர் இடதுபக்க லாயக்காரரிடமும் சொன்னார், வலதுபக்க லாயக்காரரிடமும் சொன்னார். இருபது வருஷம் ஒரே தண்ணீர்த் தொட்டியைப் பங்கிட்டுக்கொண்ட இருவரும் இப்போது வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டார்கள்.

வைத்தியம் எளிமையானது. ஒரு கையாள் துண்டால் குதிரையின் கண்ணைத் துடைப்பான். அது அருள்துண்டு. அருள் போய்விடும் என்று அதைத் துவைப்பதே இல்லை. முதல் குதிரைக்கும் அதே துண்டு, நாற்பதாவது குதிரைக்கும் அதே துண்டு. பிறகு கவுன்ட்டரில் காணிக்கை போட்டுவிட்டு ஒரு சின்னப் பாட்டில் ஒளிநீர் வாங்கிக்கொள்ள வேண்டும். வெறும் கிணற்றுத் தண்ணீர், அதில் மந்திரம் மட்டும்தான் சேர்த்திருக்கிறது என்று பலகையில் எழுதிவைத்திருந்தார்கள்.

அந்தக் கொட்டகையின் புகழுக்குப் பாதிக் காரணம் ஒரு வண்டிக்காரர். மரவாடியிலிருந்து பலகை ஏற்றிப்போகும் ஒற்றைக் குதிரை வண்டி அவருடையது. குதிரையின் பெயர் செவலை. நாலு மாதத்துக்கு முன்னால் அதன் இடது கண் ஒட்டிக்கொண்டபோது ஒளிநீர் விட்டார். மூன்றே நாளில் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. மனிதர் நெகிழ்ந்துபோய் ஒலிபெருக்கியில் பேசினார். "டாக்டரால முடியாதது அய்யாவால முடிஞ்சுது" என்றார். டாக்டரிடம் அவர் போகவே இல்லை என்பது வேறு விஷயம். அந்தப் பேச்சைப் பதிவுசெய்து தினமும் போட்டார்கள். தன் குரலைக் கேட்டபடி அந்த வழியாக வண்டி ஓட்டுவதில் அவருக்கும் ஒரு பெருமை.

ஒரு மாதம் கழித்துக் கண் மறுபடி ஒட்டியது. மறுபடி ஒளிநீர், மறுபடி சரியானது, ஆனால் ஒரு வாரம் பிடித்தது. மூன்றாவது தடவை வந்தபோது பாட்டில் மேல் பாட்டிலாக விட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணொளியார் சலனமே இல்லாமல் சொன்னார்: "தண்ணியில குறை இல்ல. உன் நம்பிக்கையில ஓட்டை இருக்கு."

வண்டிக்காரர் அந்த ஓட்டையைத் தேடித் தேடி இளைத்துப்போனார். செவலை தீனியைத் தொடவில்லை. வெளிச்சம் பட்டால் கூசுகிறது என்று லாயத்தின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. கண்ணின் நடுவே வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல ஒரு படலம். அந்தக் குதிரை படுத்தால் அவர் வீட்டில் எல்லோரும் படுக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் அவருடைய தங்கை வந்தாள். கால்நடை ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கிற வேலை அவளுக்கு.

"அண்ணே, இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஒன்பது நாள் ஆச்சு."

"என்ன விடற?"

"ஒளிநீர்தான்."

"எத்தனை வேளை, எத்தனை நாள்?"

"கண்ணு தெளியற வரைக்கும் விடணும். தெளிஞ்சதும் நிறுத்திட்டு மிச்சத்தை அடுத்த தடவைக்கு வெச்சுக்கலாம்னு அய்யா சொல்லியிருக்காரு."

"அடுத்த தடவை வரும்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு பாரு" என்றாள் தங்கை.

அவள் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் கண்ணில் ஒரு சாயத்தைத் தொட்டுவைத்துக் கழுவினார். நடுவில் ஓரிடம் மட்டும் பச்சையாக மின்னியது. "கருவிழியில புண்ணு. ஓரம் கரைய ஆரம்பிச்சிருக்கு. விட்டா கண்ணே போயிடும்" என்றார். பஞ்சுக் குச்சியால் லேசாகத் தொட்டு எடுத்துக்கொண்டு, கையிலிருந்த மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துத் தங்கை ஒரு வட்டத் தட்டோடு வந்தாள். தட்டு முழுக்கச் செவலையின் கண்ணிலிருந்து எடுத்து வளர்த்த கிருமி பூஞ்சணம் மாதிரி படர்ந்திருந்தது. அதன்மேல் ஆறு சின்ன வில்லைகள்.

"ஒவ்வொரு வில்லையிலயும் ஒரு மருந்து. மருந்து வேலை செஞ்சா வில்லையைச் சுத்திக் கிருமி செத்து வெறும் வட்டம் தெரியும். எத்தனை வட்டம் தெரியுது சொல்லு."

"ஒண்ணே ஒண்ணு."

"ஆமா. மீதி அஞ்சும் எடுபடல. குறைச்சலா விட்டு, பாதியில நிறுத்தி, திரும்பத் திரும்ப மருந்து விட்டா சோப்ளாங்கிக் கிருமியெல்லாம் செத்துப்போகும், தாக்குப்பிடிக்கிறது மட்டும் தங்கிப் பெருகும். அப்புறம் அந்த மருந்துக்கு அது அசையாது. நீ இதுவரைக்கும் என்னென்ன மருந்து விட்ட?"

"நான் எங்க மருந்து விட்டேன்? வெறும் மந்திரத் தண்ணிதானே."

சொல்லிவிட்டு அவரே மாடத்திலிருந்த பாட்டிலைப் பார்த்தார். தங்கையும் பார்த்தாள்.

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்றார் அண்ணன்.

"இல்லேன்னா சந்தோஷம். சோதிச்சுப் பாத்துடலாமே. நம்ம எதிர்ல அந்தக் கிணத்துத் தண்ணியை எடுத்து, நம்ம பாட்டில்ல ஊத்தி, மந்திரம் சொல்லித் தரட்டும். அதை ஒரு தட்டுல விடறேன். கவுன்ட்டர்ல விக்கிற ஒளிநீரை இன்னொரு தட்டுல விடறேன். ரெண்டுலயும் சோதனைக்குன்னே நாங்க வளர்க்கிற சாதாரணக் கிருமிதான். மூணாவது தட்டுல செவலையோட கிருமியைப் பரப்பி, அதுலயும் கவுன்ட்டர் தண்ணியை விடறேன். நான் கேட்டா விரட்டிடுவாங்க. நீ கேளு."

அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. மறுநாள் வரிசையின் நடுவே நின்று கேட்டுவிட்டார். ஒலிபெருக்கியில் அவர் குரல் கண்ணொளியாரைப் புகழ்ந்துகொண்டிருந்தபோதே, கீழே நின்று அவர் சோதனை கேட்டது பார்க்க விசித்திரமாக இருந்தது. கூட்டம் ஆர்வமாகத் திரும்பியது. இத்தனை பேர் முன்னால் மந்திரம் சொல்ல மறுப்பது எப்படி? கண்ணொளியார் பெருந்தன்மையாகச் சிரித்தார். தண்ணீர் எடுத்தார்கள். வழக்கத்தைவிட நீளமாகவே மந்திரம் சொன்னார். ஒரு வார்த்தையும் யாருக்கும் புரியவில்லை, அதனால் எல்லோருக்கும் பரம திருப்தி. தங்கை அந்தப் பாட்டிலை மூடிக் கையெழுத்துப் போட்டு ஒட்டினாள். கவுன்ட்டரிலும் ஒரு பாட்டில் வாங்கி அதேபோல ஒட்டினாள்.

அடுத்த நாள் காலை மூன்று தட்டுகளும் கொட்டகை மேசைக்கு வந்தன.

"இது நேத்து எல்லார் எதிர்லயும் மந்திரம் சொன்ன தண்ணி" என்று முதல் தட்டைக் காட்டினாள். கிருமி ஓர் இடம்கூட விடாமல் செழிப்பாக வளர்ந்திருந்தது. "இது கவுன்ட்டர் தண்ணி." இரண்டாவது தட்டில், சொட்டு விட்ட இடத்தைச் சுற்றித் துல்லியமாக ஒரு வெற்று வட்டம்.

கண்ணொளியார் இந்த வாய்ப்பை விடுவாரா? "பாத்தீங்களா, என் ஒளிநீர் கிருமியைக் கொன்னுடுச்சு" என்றார். கூட்டம் கை தட்டியது. முதல் தட்டை அதற்குள் மறந்துவிட்டது.

வண்டிக்காரர் மட்டும் கை தட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"அய்யா, ரெண்டும் ஒரே கிணறு, ஒரே மந்திரம். எங்க எதிர்ல சொன்னது பலிக்கல. உள்ரூமுக்குப் போயிட்டு வந்தது மட்டும் பலிக்குது. உள்ரூம்ல என்ன இருக்கு?"

"தியானம்" என்றார் கண்ணொளியார்.

"அதை நாங்களும் பாக்கறோமே."

கையாட்கள் கதவை மறிப்பதற்குள் இடதுபக்க லாயக்காரரும் வலதுபக்க லாயக்காரரும் உள்ளே போய்விட்டார்கள். பொறாமைப் பார்வையால் பிரிந்தவர்கள் ஒரே அட்டைப்பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தார்கள். பெட்டி நிறைய மருந்துக்கடையில் மொத்தமாக வாங்கிய பலவகைக் கண் சொட்டுமருந்துக் குப்பிகள், எல்லாம் காலி. பின்னால் ஒரு டிரம்மில் கிணற்றுத் தண்ணீர், பக்கத்தில் ஒரு கரண்டி. தியானத்துக்கு வேண்டிய சாமான் அவ்வளவுதான்.

தங்கை மூன்றாவது தட்டைத் தூக்கிப் பிடித்தாள். "இது எங்க அண்ணன் குதிரையோட கண்ணுல இருந்து எடுத்தது. கவுன்ட்டர் தண்ணி விட்ட இடத்துலயே கிருமி வளர்ந்து நிக்குது. தண்ணி கலந்து, அளவில்லாம, பாதியில நிறுத்தி விட்டதால வந்த வினை. அந்தத் துண்டு இருக்கே, அது இந்தக் கிருமியை வரிசையில இருக்கிற எல்லாக் குதிரைக்கும் பரிமாறிடுச்சு. யாரும் யாரையும் பொறாமையா பாக்கல."

வரிசையில் நின்றவர்கள் தங்கள் குதிரைகளின் கண்ணை முதல்முறையாகத் தாங்களே உற்றுப் பார்த்தார்கள். கண்ணொளியார் ஒரு ஆட்டோவை நோக்கி வேகமாக நடந்தார். வழியில் ஒரு கோவேறு கழுதையின் பின்பக்கம் போனார். அதற்கு அவருடைய சக்தியைத் தாங்குவதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. உதைபட்டு விழுந்தவரைத் தூக்கித்தான் போலீசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

எடுபட்ட அந்த ஒரே மருந்தைச் செவலையின் இமைக்குள் மெல்லிய குழாய் வைத்து இரண்டு மணிக்கொரு தடவை விட்டார்கள். வண்டிக்காரர் ஒரு வேளையும் தவறவிடவில்லை. கண் தெளிந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தவில்லை. கண் பிழைத்தது. கருவிழியில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் மிஞ்சியது. சவாரிப் பள்ளிக் குதிரை ஒன்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டுத்தான் பள்ளிக்காரர்களும் கொட்டகைக்கு வந்தார்கள் என்று தெரிந்தபோது, வண்டிக்காரர் அந்தப் பள்ளிக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு வாரம் கழித்து, அதே வரிசையில் நின்ற நாலு பேர் தங்கையைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மிகுந்த மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"அந்தக் கடைசி மருந்து பேரு என்னம்மா? எழுதிக் குடுத்தீங்கன்னா கடையில வாங்கி நாங்களே விட்டுக்குவோம். எதுக்கு வீணா டாக்டரு, சோதனையெல்லாம்?"

தங்கை அவர்களைப் பார்த்தாள். மூன்றாவது தட்டு இன்னும் அலமாரியில் இருந்தது. எடுத்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

"இந்தக் கிருமிக்கு மூளையே கிடையாதுங்க. ரெண்டு தடவை அடிபட்டதுமே தப்பிக்கிற வழியைப் பிடிச்சிடுச்சு. நமக்கு இவ்வளவு பெரிய தலை இருக்கு, இன்னும் எத்தனை தடவை அடிபடணும்?"