அரைமணி நேரக் கைராசி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் நின்று கேட்கப் பொறுமை கிடையாது. ஆஸ்பத்திரி நர்ஸ் இரண்டு நிமிஷம் பேசினால் வாட்சைப் பார்க்கிறார்கள். எவனோ ஒரு எத்தன் ஒரு மணி நேரம் நிற்க வைத்தால் பக்தியோடு நிற்கிறார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. பெரிய படிப்பு படித்தவள். எனக்கு எட்டாவதோடு சரி.

சலவைக் கடை மாடியில் குடியிருந்த எத்தனுக்குக் கைராசிக்காரர் என்று பெயர். முன்னால் என்ன தொழில் பார்த்தீர்கள் என்று கேட்டால் மேலே பார்ப்பார். நானும் பார்த்தேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாம் கொண்டுபோகும் மருந்து ஊசியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடி, உதட்டை அசைத்துத் திருப்பிக் கொடுப்பார். அதற்கப்புறம் குத்தினால் எரியாதாம். வீட்டில் போட்டால் நெருப்பு, இங்கே போட்டால் பன்னீர். சர்க்கரைக்காரர்கள், மூட்டுவலிக்காரர்கள் என்று மாடிப்படி முழுக்கக் கூட்டம்.

என் மகளுக்கு எம்.எஸ். என்று ஒரு நோய். நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துவிடுமாம். போன வருஷம் ஒரு கண் மங்கி, ஒரு மாசம் கழித்துத்தான் தெளிந்தது. மறுபடி அப்படி வராமல் இருக்க வாரம் மூன்று ஊசி, தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட இடம் எரியும், சிவக்கும். மறுநாள் காய்ச்சல் மாதிரி உடம்பை முறுக்கும். பாவம், அதற்குப் பயந்துதான் மாடி ஏறினாள்.

மாடியில் சட்டதிட்டம் பலமாக இருந்தது. வரிசையில் நிற்கும்போது ஊசியைக் கைக்குள்ளேயே பிடித்திருக்க வேண்டும். ஐஸ் கூடவே கூடாது, ஐஸ் இருந்தால் ராசி இறங்காது. தொடையில் அவர் நீல மையால் வைத்த புள்ளியில்தான் ஒவ்வொரு தடவையும் குத்த வேண்டும். குத்திக் குத்தி மகளுக்கு அந்த இடத்தில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. நோய் அங்கே வந்து திரண்டு நிற்கிறது என்றாராம். காய்ச்சல் வந்தால்? நோய் அலறிக்கொண்டு ஓடுகிறதாம். நிற்கிறதா ஓடுகிறதா என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே!

அதோடு விட்டிருந்தால் நானும் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அடுத்த மாசத்திலிருந்து ஊசியே வேண்டாம், தொடையைத் தொட்டாலே போதும் என்று சொல்லிவிட்டார். மகளும் தலையாட்டிவிட்டாள். எனக்கு மங்கிப்போன அந்தக் கண் ஞாபகம் வந்தது.

நான் நாற்பது வருஷம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்தவன். எழுத்தைவிடக் குளிரை நன்றாகப் படிப்பேன்.

"ஏம்மா, வீட்டுல ஊசிய எப்பப் போடுற?"

"ஃபிரிட்ஜ்லேருந்து எடுத்த உடனே. வெளிய வெச்சா கெட்டுடும்ல?"

"அங்க வரிசையில எவ்வளவு நேரம் நிக்கிற?"

"முக்கா மணி நேரம். ஏன்பா, அதுக்கு என்ன இப்ப?"

ஒன்றுமில்லை என்றேன். அடுத்த தடவை ஊசியை ஐஸ் டப்பாவில் வைத்து, பைக்குள் மறைத்துக் கொண்டுபோகச் சொன்னேன். எரியவில்லை என்றால் ஊசியை விட்டுவிடு, நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று பந்தயம் கட்டினேன்.

அன்றைக்கு நானும் கூடவே போனேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு பழைய தபால்காரர், கைத்தடியோடு. அதே நோய், அதே ஊசி. அவர் காதிலும் ஒரு விஷயத்தைப் போட்டுவைத்தேன்.

மகளின் முறை வந்தது. ஊசி கையில் பட்டதும் கைராசிக்காரர் தோள் ஒரு குலுங்கு குலுங்கியது. ராசி இறங்குகிறது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவரும் வேறு வழியில்லாமல் அவசரமாக முணுமுணுத்துக் கொடுத்தார். மகள் மூலையில் இருந்த போர்வை மறைப்புக்குப் பின்னால் போனாள். திரும்பி வரும்போது கண்ணில் தண்ணீர்.

"எரியுது. வீட்டுல போடற மாதிரியே எரியுது."

"ஐஸ்ல வெச்சியா? தெய்வக் குத்தம் பண்ணிட்டியேம்மா," என்றார் கைராசிக்காரர்.

"ஏங்க, நோயையே ஓட்டுற கை, ஒரு ஐஸ் கட்டிக்குத் தோத்துடுமா?" என்றேன் நான்.

அதற்குள் போர்வைக்குப் பின்னாலிருந்து தபால்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். எப்போது உள்ளே போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

"நான் இன்னும் ஐயா கையிலயே குடுக்கல. வரிசையில முக்கா மணி நேரம் நின்னேன், நானே போட்டுக்கிட்டேன். புள்ளியிலகூட இல்ல, அடுத்த கால்ல. எரியவே இல்லப்பா."

கைராசிக்காரர் வழக்கம்போல மேலே பார்த்தார். இந்தத் தடவை மின்விசிறியும் உதவிக்கு வரவில்லை.

மறுநாள் மகள் நர்ஸ் முன்னால் போய் உட்கார்ந்து, வாட்சைப் பார்க்காமல் கேட்டாள். எரியாமல் இருக்க, குளிர் விடும்படி அரைமணி நேரம் முன்னாலேயே ஊசியை வெளியே எடுத்து வைக்கணும், ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்றணும், காய்ச்சலுக்கு டாக்டர் எழுதிய மாத்திரையைப் போடணும். இதையெல்லாம் முதல் நாளே சொன்னாராம். மகள் ஊசியை விடவில்லை. நர்ஸ் சொன்னதையும் நான் சும்மா நம்பவில்லை. நாலு தடவை கடிகாரம் வைத்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டினேன்.

ஜனங்களுக்கும் புத்தி வந்திருக்கும் என்று ஆசையாக அந்தப் பக்கம் போனேன். சலவைக் கடை மாடி காலி. தபால்காரர் வீட்டு வாசலில் வரிசை! கைக்கு ஒரு ஊசி. "அண்ணே, உங்க கை பட்டாலே எரியாதாமே, ஒரு தடவை தொட்டுக் குடுங்க." மனுஷன் கைத்தடியை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். அந்தத் தடிக்குத்தான் சக்தி என்று பின்னால் ஒருத்தர் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஊரில் இருக்கிற கையையெல்லாம் பிடித்துப் பார்த்துவிட்டீர்கள், கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அதையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள் என்றேன். இரண்டு பேர் நிஜமாகவே தலையைத் தொட்டுக்கொண்டு, எத்தனை தடவை தொடணும் என்று கேட்டார்கள்.

நான் நடையைக் கட்டினேன்.